எட்டு மாதத்தில் கிழிந்த புஷ்

கேள்வி: புதுச்சேரி ரெயின்போ நகரில் வசிக்கிறேன். பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அப்பா விட்டுப்போன 1968 மாடல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஸ்போர்ட்ஸ் கார் என்னிடம் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் போர்டிகோவிலேயே முழங்கால் தண்ணீரில் நின்றது. அதன்பின் ஒரு பட்டறையில் கொடுத்து முன்பக்க சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் மாற்றினேன். எட்டே மாதத்தில், வேகத்தடையில் ஏறி இறங்கினால் மறுபடியும் ‘டொக்’. டார்ச் அடித்துப் பார்த்தேன். புது ரப்பர் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. கடலூர் போகும் சாலையில் கொஞ்சம் வேகமாகப் போனால் ஸ்டியரிங் அலைபாய்கிறது. வண்டியின் மூக்கு முன்பைவிட ஒரு விரல் உயரமாக நிற்பதுபோலவும் தோன்றுகிறது. பட்டறைக்காரர், “ரப்பர் சரக்கு மட்டம், பாலியூரித்தேன் போட்டுடுங்க” என்கிறார். இன்னொருவர், “துருப்பிடித்த போல்ட்டெல்லாம் கேஸ் வைத்துச் சுட்டால் வந்துவிடும்” என்கிறார். இந்த முறை நானே செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் முடியுமா? ரப்பரா, பாலியூரித்தேனா?

பதில்: டீச்சர், வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது: மூக்கு ஒரு விரல் உயர்ந்து நிற்கிறது என்கிற வரி. ரப்பர் மட்டமாக இருந்தால் வண்டி தாழும், உயராது. உயர்ந்திருக்கிறது என்றால், அநேகமாக, புஷ் மாட்டியவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டுகளை முழு இறுக்கம் இறுக்கிவிட்டார். சரக்கின் மேல் பழி போடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இந்தப் புஷ், கதவுக் கீல் மாதிரி சுழல்கிற சாமான் இல்லை. நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர். அந்த ரப்பர், சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் ஆர்மின் கண்ணுக்குள், அதாவது அதன் முனைத் துளைக்குள், இறுகப் பிடித்திருக்கும். போல்ட்டை முறுக்கினால் சேஸியில் இருக்கும் பிராக்கெட்டின் இரண்டு காதும் உள்குழாயை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஆர்ம் மேலே போனாலும் கீழே வந்தாலும் குழாய் திரும்பாது. வழுக்குவதற்கு எங்கேயும் இடம் கிடையாது. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கும். அதனால்தான் இதற்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம்.

கணக்கு உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு பேச்சுக்கு, ஆர்ம் ஒரு அடி நீளம், தொங்கும்போது அதன் வெளிமுனை மூன்று அங்குலம் கீழே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் 14 டிகிரிக்குச் சற்று மேல். அந்த நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் 14 டிகிரி முறுக்கில் நிற்கிறது. ராத்திரி நீங்கள் தூங்கும்போதும் அது முறுக்கிலேதான் இருக்கும். வேகத்தடையில் சக்கரம் இன்னொரு மூன்று அங்குலம் மேலே போனால் முறுக்கு 28-ஐத் தாண்டும். சக்கரம் தரையில் நிற்கும் நிலையில் இறுக்கியிருந்தால் இந்தப் பக்கம் 14, அந்தப் பக்கம் 14; அதோடு சரி. எட்டு மாதத்தில் கிழிந்ததில் ஆச்சரியமே இல்லை. முறுக்கிய ரப்பர் ஸ்பிரிங்கோடு சேர்ந்துகொண்டு வண்டியை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது; உங்கள் ஒரு விரல் உயரம் அங்கிருந்துதான் வருகிறது.

நானும் இதைச் செய்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில், மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலின் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு முன்பக்கம் புஷ் போட்டேன். சக்கரம் கழற்றியிருக்கும்போது ஸ்பேனர் வசதியாக நுழைகிறதே என்று அப்படியே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன். இரண்டு மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. மேஸ்திரி திட்டவில்லை. தண்ணீர்த் தொட்டியில் தோள் துண்டை நனைத்து என் கையில் கொடுத்து, “பிழிடா” என்றார். பிழிந்தேன். “விடாதே, அப்படியே பிடிச்சிக்கிட்டு நில்லு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது என் இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. “இப்ப அந்த ரப்பருக்கு எப்படி இருந்திருக்கும்?” அவ்வளவுதான் பாடம். நாற்பது வருஷம் ஆகியும் மறக்கவில்லை.

ஹெரால்டு பேச்சு சும்மா வரவில்லை. உங்கள் ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் குழந்தை. ஹெரால்டு சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதே ஹெரால்டைத்தான் நம் வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்து விற்றது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் ஓடியது. முன்பக்க விஷ்போன் (மேலே சொன்ன ஆர்ம்தான்), அதன் புஷ், சக்கரத் தண்டின் அடிமுனையைப் பிடிக்கும் பித்தளை ட்ரனியன் எல்லாம் ஒரே குடும்பம். லண்டனிலிருந்து பெட்டி வரும்வரை காத்திருக்க முடியாது என்றால் சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பழைய ஆட்களிடம் “ஹெரால்டு முன்பக்க ஆர்ம் புஷ்” என்று கேளுங்கள். ஸ்பிட்ஃபயர் என்று கேட்டால் விலை ஏறிவிடும்! பழைய புஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் போய், உள்குழாயின் நீளத்தையும் துளையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். உள்குழாய் ஆர்மின் கண்ணைவிடக் கொஞ்சம் நீண்டிருப்பது அவசியம். குட்டையாக இருந்தால் பிராக்கெட் குழாயைப் பிடிக்காமல் ரப்பரைப் பிடித்து அரைக்கும்.

இனி சத்தத்துக்கு வருவோம். கிழிந்த புஷ் ‘டொக்’ என்று அடிக்கும், உண்மை. ஆனால் ஸ்டியரிங் அலைபாய்வதற்கு அது மட்டும் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. புஷ்ஷுக்குக் காசு போடுமுன் அரை மணி நேரம் செலவழித்து ஒரு சோதனை செய்யுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தை மேலேயும் கீழேயும் இரண்டு கையால் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். இந்த வண்டியின் டேப்பர் பேரிங்கில் மயிரிழை ஆட்டம் இருக்கத்தான் வேண்டும், அதற்குப் பயந்து இறுக்கிவிடாதீர்கள். மிதித்த பிறகும் ஆடினால் மேலே பால் ஜாயிண்ட்டோ கீழே ட்ரனியனோ தேய்ந்திருக்கிறது. அடுத்து, இடமும் வலமும் பிடித்து ஆட்டினால், ஸ்டியரிங் திருப்பத்தைப் பக்கவாட்டு நகர்வாக்கும் பல்தண்டான ரேக்கிலும், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளிலும் உள்ள ஆட்டம் தெரியும். அந்த ரேக்கை சேஸியோடு பிடித்திருக்கும் ரப்பர் கட்டைகளைப் பலரும் மறந்துவிடுவார்கள். என்ஜின் ஆயில் சொட்டிச் சொட்டி அவை ஊறிப்போனால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ரேக்கே பக்கவாட்டில் நகரும். ஒருவர் திருப்ப, நீங்கள் பானெட்டைக் கவிழ்த்துவிட்டு மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அலைபாய்வதற்கு என் முதல் சந்தேகம் அங்கேதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது புஷ்ஷும் இல்லை, ரேக்கும் இல்லை. தண்ணீரில் நின்ற ட்ரனியன்.

சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக்குத்தான இரும்புத் தண்டு, அதாவது வெர்டிகல் லிங்க், கீழ்முனையில் மரை வெட்டி பித்தளை ட்ரனியனுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குக் கம்பெனி சொன்னது கிரீஸ் இல்லை, கியர் பெட்டிக்கு ஊற்றுகிற 90 நம்பர் ஹைப்பாய்ட் ஆயில். எண்ணெய் செலுத்தும் சின்ன முனையான நிப்பிளைப் பார்த்தவுடன் நம் ஊரில் கிரீஸ் கன்னை எடுத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாமல், நாளடைவில் காய்ந்து களிமண்ணாகி வழியையும் அடைத்துவிடும். மேலிருந்து இறங்கும் தண்ணீர் அடியில் தேங்கி, இரும்பு மரையைத் துரு தின்னும். ஒரு நாள் மரையின் அடி வேரில் தண்டு முறியும். முறிந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். வீட்டு வாசலில் திருப்பும்போது முறிந்தால் புண்ணியம். அரியாங்குப்பம் பாலத்தின் மேல் முறிந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம்.

எனவே, புஷ் மாற்றுகிறீர்களோ இல்லையோ, இரண்டு பக்க ட்ரனியனையும் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். கழற்றியதும் மரையை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். துருக்குழி கண்ணில் பட்டால் அந்தத் தண்டு பழைய இரும்புக் கடைக்கு. குழி இல்லாவிட்டாலும் விரிசலைச் சோதிப்பது நல்லது. வெல்டிங்கைச் சோதிக்கும் பட்டறைகளில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மாவு போல ஒன்றை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு மேலே கசிந்து வரும். சின்ன வேலைதான். இன்னொன்று, ஒரு பக்கத்துத் தண்டுக்கு நேர் மரை, மறுபக்கத்துக்கு எதிர் மரை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கலந்துவிடாமல் கழற்றும்போதே துணி கட்டி அடையாளம் வையுங்கள். திரும்ப மாட்டும்போது ட்ரனியனைக் கடைசிவரை திருகி, அப்புறம் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். முழுதாகத் திருகியபடி விட்டால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது முட்டி நிற்கும்.

சரி, வீட்டில் முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். சொல்லப்போனால் இந்த வண்டியைப் போல வீட்டில் வேலை செய்யத் தோதான வண்டி குறைவு. பானெட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்துவிடும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். வண்டி மொத்தமும் முக்கால் டன்தான். ஆனாலும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரண்டு நல்ல ஸ்டாண்டு வாங்கி சேஸி ரெயிலுக்கு அடியில் வையுங்கள். போர்டிகோவில் டைல்ஸ் என்றால் அடியில் பிளைவுட் பலகை போடுங்கள், வழுக்கும்.

ஸ்பேனர் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. வண்டி முழுக்க அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், நம் 13 நம்பர் ஸ்பேனர் போய் உட்காரும், துருப்பிடித்த போல்ட்டில் பலம் கொடுத்தால் தலை உருண்டைதான். 9/16 என்பது 14.3; 14 நுழையாது, 15 வழுக்கும். 7/16-க்கும் அதே கதை. அங்குல ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள், இந்த வண்டி இருக்கும்வரை உதவும்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த உருப்படி. அப்படியே கழற்றி எடுத்துவிடலாம். மேலே தட்டின் சுற்றிலும் உள்ள நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் நட்டைத் தொடாதீர்கள். அழுத்திவைத்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட்டுதான். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் பாயும், எதிரில் முகம் இருந்தால் முகத்தில். பிரேக் காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். கீழ் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் சேஸிக்கும் நடுவே மெல்லிய தகடுகள் செருகியிருக்கும். சக்கரத்தின் சாய்வுக் கணக்கு அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. எந்த பிராக்கெட்டில் எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் போடுங்கள். போன தடவை மாட்டியவர் கலைத்திருக்கவும் வாய்ப்புண்டு. அது கடைசியில் அலைன்மென்ட் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

இப்போது துரு. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிகளில் போல்ட் நட்டோடு ஒட்டுவதில்லை, புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொள்ளும். நட்டு சுலபமாகக் கழன்றுவிடும், போல்ட் மட்டும் வராது. ஸ்பேனர் போட்டால் திரும்புகிற மாதிரி திரும்பி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். உள்ளே ரப்பர் முறுக்கிக் காட்டுகிற வித்தை அது. ட்ரனியன் போல்ட்டும் ஷாக்கின் கீழ் போல்ட்டும் இதில் பேர்போனவை. துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் காலையும் மாலையும் அடியுங்கள். நட்டை மரை முனைக்குச் சமமாகத் திருகி வைத்துவிட்டு அதன்மேல் சுத்தியலால் அடியுங்கள். நேராக மரையில் அடித்தால் முனை பரந்துபோய் எந்தக் காலத்திலும் வெளியே வராது. நாலு நாளாகியும் அசையவில்லை என்றால் மல்லுக்கட்டாதீர்கள். ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஹாக்சா பிளேடை நுழைத்து, போல்ட்டையும் குழாயையும் சேர்த்து இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட் எப்படியும் புதிது போடத்தான் போகிறோம். அதே தரத்தில், ஹைடென்சில் போல்ட்டாக வாங்க வேண்டும்; உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டையும் மறுபடி உபயோகிக்கக் கூடாது.

கேஸ் வைத்துச் சுடுகிற யோசனையைக் கேட்டுக்கொண்டதோடு விட்டுவிடுங்கள். ட்ரனியன் பித்தளை, அதற்குள் இருக்கும் சின்னப் புஷ்கள் நைலான், பக்கத்தில் பிரேக் ஹோஸ், சற்றுத் தள்ளி பெட்ரோல் குழாய். ரப்பர் எரிகிற புகையும் நெஞ்சுக்கு ஆகாது. விறகு வெட்டுகிற கோடரியால் வெங்காயம் நறுக்குகிற வேலை அது.

ஆர்மைக் கையில் எடுத்த பிறகு புஷ்ஷை வெளியேற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டியதில்லை, ஒரு நல்ல வைஸ் போதும். புஷ்ஷைவிடச் சற்றுச் சின்ன சாக்கெட் ஒரு பக்கம், புஷ் உள்ளே விழுகிற அளவு பெரிய சாக்கெட் மறுபக்கம், நடுவில் ஆர்ம். வைஸை மெல்ல இறுக்கினால் ‘ப்ளக்’ என்று நகரத் தொடங்கும். நகரவில்லையென்றால் டிரில் எடுத்து ரப்பரைச் சுற்றி நாலைந்து துளை போட்டு, உள்குழாயைத் தட்டி எடுத்துவிட்டு, மீதி ரப்பரைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே இரும்பு வளையம் ஒன்று கண்ணோடு ஒட்டியிருந்தால் அது புஷ்ஷின் வெளிக்கூடு. அதை ஆர்மின் பாகம் என்று நினைத்து விட்டுவிட்டு, புதுப் புஷ்ஷை அதற்குள் அறைந்து நுழைக்கப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிளேடைக் கழற்றிக் கண்ணுக்குள் விட்டு மறுபடி மாட்டி, வெளிக்கூட்டை மட்டும் நீளவாக்கில் அறுத்து உளியால் சுருட்டினால் வந்துவிடும். பிளேடு ஆர்மைத் தொடுகிறதா என்று அடிக்கடி நிறுத்திப் பாருங்கள்; ஆர்மில் விழுகிற கீறல்தான் நாளைக்கு விரிசல். அப்புறம் கண்ணின் உள்பக்கத்தை எமரி பேப்பரால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள்.

ரப்பரா, பாலியூரித்தேனா? இதில் ஆளுக்கொரு மதம். என் கட்சி ரப்பர். மேலே சொன்னதுபோல ரப்பர் முறுக்கிக்கொண்டு வேலை செய்கிறது; பாலியூரித்தேன் உள்குழாயின் மேல் வழுக்கிக்கொண்டு வேலை செய்கிறது. வழுக்குகிற இடம் என்றால் அங்கே சிலிக்கோன் கிரீஸ் இருந்தாக வேண்டும். நம் ஊரில் அந்த இடத்துக்குள் மணலும் உப்பும் போய்ச் சேராமல் இருக்குமா? ஒரு மழைக்காலம் முடிந்ததும் கீச்சுக் கீச்சென்று மாட்டுவண்டி அச்சு மாதிரி கத்தும். மறுபடி கழற்றி, துடைத்து, கிரீஸ் வைக்க வேண்டும். அதோடு, பாலியூரித்தேன் இறுக்கமானது, ரோட்டில் கிடக்கிற கல்லையெல்லாம் உங்கள் முதுகெலும்புக்குச் சொல்லும். பந்தயத்துக்கு ஓட்டுபவர்களுக்கு அது வேண்டும். பீச்சுக்கும் கடலூருக்கும் போய்வருபவர்களுக்கு எதற்கு? திருப்பத்தில் வண்டி சாயாமல் தடுக்கும் ஆண்டி ரோல் பாரைப் பிடிக்கும் கட்டைகளுக்கும் ஸ்டியரிங் ரேக்குக்கும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே அது பாந்தம்தான். ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன்: பாலியூரித்தேன் வழுக்குவதால், தொங்கும்போது இறுக்கினாலும் அதற்குக் கெடுதல் இல்லை. உங்கள் பட்டறைக்காரர் அதைப் போட்டிருந்தால் அவர் செய்த தப்பு வெளியே தெரியாமலே போயிருக்கும்.

ரப்பர் புஷ்ஷை நுழைக்க கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவாதீர்கள். மினரல் ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பி, சொதசொதவென்று ஆகிவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசல் போதும், காய்ந்தால் போய்விடும். சோப்பு பத்தாமல் அடம்பிடித்தால் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு. சிரிக்காதீர்கள்! பிரேக் வேலைக்கென்று விற்கிற சிவப்பு ரப்பர் கிரீஸே விளக்கெண்ணெயிலிருந்து செய்வதுதான். போல்ட்டின் உடம்புக்கு மட்டும் தாமிர கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள், ரப்பரில் படாமல். அடுத்த முறை ஹாக்சா பிளேடு தேவைப்படாது.

இனி இறுக்குகிற கட்டம். எல்லாவற்றையும் மாட்டி, போல்ட்டுகளைக் கை இறுக்கத்தோடு விட்டுவிடுங்கள். நட்டு கழன்று விழாத அளவு போதும். சக்கரம் போட்டு வண்டியைக் கீழே இறக்குங்கள். இறக்கிய உடனே அது சரியான உயரத்துக்கு வந்துவிடாது, டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தூக்கியே வைத்திருக்கும். இரண்டு வீட்டு நீளம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, மூக்கைப் பிடித்து நாலு தடவை அமுக்கி விடுங்கள். அப்புறம் இரண்டு பேரை உள்ளே உட்கார வைத்து, மேல் ஆர்ம் போல்ட்டுகளை பானெட் பக்கத்திலிருந்தும் கீழ் ஆர்ம் போல்ட்டுகளை அடியிலிருந்தும் இறுக்குங்கள். அடியில் கை போக இடம் பத்தவில்லை என்றால் ரயில்வே கட்டை மாதிரி அகலமான மரக்கட்டைகளை நான்கு சக்கரத்துக்கும் அடியில் சமமாகக் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்துவிட்டுச் செய்யலாம். எடை சக்கரத்தின் மேல் இருப்பதுதான் முக்கியம். ‘உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு, ஜாக்கியால் ஆர்மை அந்த அளவுக்குத் தூக்கி இறுக்கலாமே’ என்று யாராவது சொன்னால், உங்கள் வண்டியில் இப்போது எடுக்கிற அளவு அந்த ஒரு விரல் தப்போடுதான் இருக்கும். பழைய போல்ட்டுகளைத் தளர்த்தி, உருட்டி, அமர்ந்த பிறகு எடுத்த அளவானால் சரி.

புதுப் புஷ் வாங்குமுன் வேண்டுமானால் இதையே சோதனையாகவும் செய்து பார்க்கலாம். வண்டி தரையில் நிற்கும்போது இப்போதைய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். உள்ளே முறுக்கு இருந்தால், ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு மூக்கு கீழே இறங்கும். தளர்த்தும்போது தலை பானெட்டின் பக்கம் இருக்கட்டும், விரலை ஆர்முக்கு நடுவே வைக்காதீர்கள்.

பின்பக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. பின்னால் குறுக்கே போகிற பட்டை ஸ்பிரிங்கின் முனைப் புஷ்ஷுக்கும், பின்சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் இரண்டு முனைக்கும் இதே விதிதான். பின்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு சக்கரமும் உள்பக்கமாக மடங்கித் தொங்கும். பயப்படாதீர்கள், ஹெரால்டும் இப்படித்தான். அதன் அச்சு அமைப்பு அப்படி. இந்தியாவில் ஹெரால்டுக்குப் பிறகு வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் அதை எடுத்துவிட்டு ஒரே அச்சாகப் போட்டார்கள். பின்பக்கம் இறக்கிய பிறகு உருட்டாமல் இறுக்கினால் முன்பக்கத்தைவிட மோசமாகக் கிழியும்.

எல்லாம் முடிந்ததும் ட்ரனியனுக்கு 90 நம்பர் ஆயில். ஒரு பழைய கிரீஸ் கன்னைக் கழுவி அதில் ஆயிலை ஊற்றி, மேலே கசிந்து வரும்வரை அடியுங்கள். நிப்பிள் இல்லாமல் சின்ன போல்ட் ஒன்று மூடியிருந்தால், அதைக் கழற்றி நிப்பிள் மாட்டி அடித்துவிட்டுப் பழையபடி மூடலாம். நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அடிக்கிறேன். மழைத் தண்ணீரில் ஓட்டினால் மறுநாளே. அந்த கிரீஸ் கன்னில் ‘ஆயில் மட்டும்’ என்று பெயின்ட்டால் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது நல்லெண்ணத்தில் கிரீஸ் நிரப்பி வைப்பார்கள். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எல்லாப் போல்ட்டையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அலைன்மென்ட். முதலில் பார்த்தால் அந்தக் காசு வீண்.

கழற்றிய வெர்டிகல் லிங்க் இரண்டையும், துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்கள் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யாமல் துணியில் சுற்றிக் கடலூருக்கு எடுத்து வாருங்கள். சாயம் போட்டுப் பார்க்கும் ஆள் எனக்குத் தெரிந்தவர். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பட்டறை லீவு.